ஸ்பேனர் யார் கையில்?

2025 செப்டம்பர் 22ந் தேதி முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பின்சக்கர டயர், கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் போன்ற பாகங்களுக்கு இருந்த 18 சதவீதமும் 5 ஆயிற்று. விளம்பரங்களில் விவசாயி வாய் நிறையச் சிரித்தான். வரி குறைந்ததை நாம் வரவேற்கிறோம். அந்த 18 சதவீதத்தை எட்டாண்டுகளாக யார் தலையில் கட்டியிருந்தார்கள் என்று கேட்கும் உரிமையையும் நாம் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இன்று நாம் பேச வந்தது புது வண்டியைப் பற்றியல்ல.

பல்லடத்திலிருந்து உடுமலைக்கோ, அவிநாசியிலிருந்து அந்தியூருக்கோ போகிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். தோட்டத்து வாசலில், மண் குவித்து உயர்த்திய சிறு மேட்டின் மேல் ஒரு பழைய சிவப்பு டிராக்டர் நிற்கும். பின்சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்திருக்கும். வண்டியை அழகு பார்ப்பதற்காக மேட்டில் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பட்டணத்துக்காரர் நினைக்கக்கூடும். விஷயம் அதுவல்ல. பேட்டரி செத்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் தேய்ந்துவிட்டது. காலையில் கல்லை எடுத்துவிட்டு, இறக்கத்தில் உருட்டி, கிளட்சை விட்டால்தான் இஞ்சின் எழும். மாற்றப் பணமில்லை. ஆகவே மேடு.

இந்த வண்டிக்காரன் யார்? 2015-16ம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவர் சாகுபடி செய்யும் நிலத்தின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. இப்படிப்பட்ட பூமியில் ஆளுக்கொரு டிராக்டர் என்பது நடவாத காரியம். ஊருக்கு நாலு பேர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களின் காட்டை மணிக் கணக்கில் கூலிக்கு உழுகிறார்கள். அந்த நாலு பேரில் பாதிப்பேர், பழைய வண்டியைக் கைமாற்றி வாங்கி, தாமே ஓட்டி, தாமே கிரீஸ் அடித்து, அந்தக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர்கள். இவன் விவசாயியா, தொழிலாளியா? இரண்டும்தான். நாற்பது குதிரைச் சக்திக்கு உட்பட்ட புது வண்டி ஒன்று, கொத்துக் கலப்பையும் டிரெய்லரும் சேர்ந்தால் ஏழெட்டு லட்சம் ரூபாயை எட்டுகிறது. அதைக் கடனில் வாங்கினால் உழவு இருக்கிற மாதமும் தவணை, மழை பொய்த்த மாதமும் தவணை. பழைய வண்டிக்குத் தவணை கிடையாது. அதற்கு வேண்டியது ரிப்பேர் ஒன்றே. மழை பெய்த நாலாம் நாள் அந்த வண்டி எழுந்திருக்கவில்லையென்றால், அவன் குடும்பம் மட்டுமல்ல, அவனை நம்பி ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இருபது குடும்பங்களின் விதைப்பும் தவறுகிறது.

ஆகையால் பழைய டிராக்டரின் ரிப்பேர் என்பது பட்டறைக்காரரின் சில்லறை விஷயமன்று. கொங்குச் சீமையின் மானாவாரி விவசாயத்தில் அது உயிர்நாடிப் பிரச்னை.

காங்கேயம் காளைகளின் நாடு இது. கண்ணபுரம் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடை பார்த்து மாடு வாங்கிப் பழகிய ஜனங்கள் யந்திரத்துக்கும் அதே கண்ணைக் கொண்டுவந்தார்கள். 1960ல் டாபே கம்பெனி ஆரம்பமாகி, சென்னை செம்பியத்தில் தொழிற்சாலை அமைத்தது. அங்கே உருவான மாஸி பெர்குசன் வண்டிகள் கொங்கு நாட்டின் மண்ணோடு ஒட்டிக்கொண்டன. பலரும் அறிந்த ‘1035’, 1950களில் இங்கிலாந்தில் வந்த ‘35’ என்ற வண்டியின் வம்சத்தைச் சேர்ந்தது. அதன் லிஃப்ட்டும் மூன்று முனை இணைப்பும் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசனின் கண்டுபிடிப்பு. டிராக்டருக்குப் பின்னால் ஏதோ ஒரு சாமானாக இழுபட்டு வந்த கலப்பையை, டிராக்டரின் உறுப்பாகவே மாற்றிய மனிதர் அவர். இன்று உலகெங்கும் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்தில் அவருடைய அந்த மூன்று முனைகள்தாம் இருக்கின்றன.

இந்த வண்டிகள் ஏன் இத்தனை ஆண்டு நிற்கின்றன? இரும்பு கெட்டியானது என்பது பாதிக் காரணம்தான். ஒரே வடிவத்தைப் பல பத்தாண்டுகள் அதிகம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். அதுதான் பெரிய காரணம். பத்து வருஷம் முந்திய வண்டியின் பாகம் அடுத்த வண்டிக்கும் சேரும். ஒருமுறை கழற்றிப் பூட்டக் கற்றவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். எந்தப் போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று இருட்டிலும் கை சொல்லும். கம்பெனி யாருடையதாக இருந்தாலும், வண்டியைப் பற்றிய அறிவு பட்டறைத் தொழிலாளியின் சொத்தாகிவிட்டது. அந்தச் சொத்துக்கு இன்று ஆபத்து வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பட்டறையில் அரை நாள் உட்கார்ந்தால் அந்த அறிவு என்னவென்று தெரியும். வண்டி வந்து நின்றதும் மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

“ஏனுங்க அண்ணா, பெரிய வேலை ஏதும் வருமுங்களா?” என்று பதறுகிறார் வண்டிக்காரர்.

“புகையைப் பாக்காம எப்படீங்க சொல்றது? எடுங்க, பாப்போம்.”

கறுப்புப் புகையானால், உள்ளே போகிற டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் கிளீனர் அடைத்திருக்கிறது, அல்லது நாஸில் சரியாகத் தூவவில்லை, அல்லது தாங்காத பாரம் இழுக்கிறது. நீலம் கலந்த புகையானால் இஞ்சின் ஆயில் எரிகிறது. ரிங்கோ, லைனரோ, வால்வு கைடோ தேய்ந்திருக்கிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நின்றால், டீசல் எரியாமல் வெளியேறுகிறதா, ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். புகைக்கு அடுத்தபடி சத்தம். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறாரே, அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றார்?

பெரும்பாலான சாவுகள் புழுதியாலும் தண்ணீராலும் வருகின்றன. இது நம் வட்டாரத்துக்கே உரிய சங்கடம். கோடை உழவில் செம்மண் புழுதி ஆளை மறைக்கும். பழைய வண்டிகளின் ஏர் கிளீனரில் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். காற்று அந்த ஆயிலைத் தொட்டுக்கொண்டு போகும்போது தூசி அங்கே தங்கிவிடும். புழுதிக் காலத்தில் தினந்தோறும் கழற்றிப் பார்த்து, சேறு கட்டியிருந்தால் கழுவி, குறி இருக்கும் மட்டத்துக்கு ஆயில் ஊற்ற வேண்டும். குறிக்கு மேல் ஊற்றினாலும் தப்பு. கால் மணி நேர வேலை. அதை விட்டால் தூசி நேரே சிலிண்டருக்குள் போய், உப்புக் காகிதம் தேய்ப்பதுபோல் லைனரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். பிறகு “இஞ்சின் வேலை” என்ற இரண்டு சொல்லில் ஒரு போகத்து வருமானம் போய்விடும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆயிரம் அடி போர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பே ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. வெளியே கடலைக் கொடித் தூசியும் சோளத்தட்டுச் சருகும் அடைத்துக்கொள்கின்றன. வண்டி சூடேறுகிறது, ஹெட் வளைகிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அதையோ, கடையில் விற்கும் கூலண்ட்டையோ ஊற்றுகிறவர்களின் வண்டியைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மணி காட்டும் மீட்டர் பழைய வண்டிகளில் ஓடுவதில்லை. அதனால் என்ன? சுவர்க் காலண்டரில் அன்றாடம் ஓட்டிய மணியைக் குறித்து வைத்தால் ஆயில் மாற்றும் நாள் தானே தெரிகிறது. ‘கறுத்த பிறகு மாற்றலாம்’ என்று காத்திருப்பது தவறு. டீசல் இஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். நிறத்தை நம்பாமல் மணியை நம்ப வேண்டும்.

பாகம் கிடைக்காத வண்டியும் உண்டு. பொதுத்துறை எச்.எம்.டி.யின் கதையைக் கேளுங்கள். 1971ல் ஹரியானாவின் பிஞ்சோரில், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் ஸீட்டர் தொழில்நுட்பத் துணையோடு 25 குதிரைச் சக்தி டிராக்டர் செய்யத் தொடங்கினார்கள். கெட்டியான வண்டி என்று பெயரெடுத்தது. 2016ல் மத்திய சர்க்கார் அந்த டிராக்டர் பிரிவை மூடிவிடத் தீர்மானித்தது. ஸ்வராஜின் கதை வேறு விதம். துர்காபூரில் இருக்கும் சர்க்கார் ஆராய்ச்சிக்கூடத்தில் நம் விஞ்ஞானிகள் வரைந்த வடிவம் அது. பஞ்சாப் அரசின் ஆதரவில் 1974ல் உற்பத்திக்கு வந்தது. 2007ல் அந்தக் கம்பெனி மகிந்திராவின் கைக்குப் போய்விட்டது. ஜனங்களின் பணத்தில் பிறந்த அறிவு தனியார் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. தொழிற்சாலையை மூடுவது ஒரு கையெழுத்து. அந்த வண்டியை நம்பி வாங்கியவன் பாகத்துக்கு எங்கே போவான்?

எங்கே போவான், கோயமுத்தூருக்குத்தான் வருவான். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்களும், மில் யந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறைகளும், வார்ப்படச் சாலைகளும், மோட்டார் பம்புத் தொழிலும் ஒன்றை ஒன்று வளர்த்த ஊர் இது. தேய்ந்த பாகத்தை மேஜைமேல் வைத்து, காலிபரால் அளந்து, அதேபோல் ஒன்றைக் கடைந்து கொடுக்கும் லேத்துத் தொழிலாளி கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருக்கிறான். புஷ், பின், ஷாஃப்ட், புள்ளி என்று கையில் கொண்டுபோனால் மாலைக்குள் வேலை முடிந்துவிடும். செத்துப்போன கம்பெனிகளின் வண்டிகளை உயிரோடு வைத்திருப்பவன் இவன்தான்.

அவன் எப்படி இருக்கிறான்? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, டீ வாங்கிக் கொடுத்து, டீசலில் பாகம் கழுவி, திட்டு வாங்கித் தொழில் கற்றவன். பிராவிடண்டு பண்டு கிடையாது. நாற்பது வயதில் முதுகு போகிறது; அதற்குமுன் விரல் நுனி போகிறது. பழுது பார்க்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நலவாரியம் இருக்கிறது. அமைப்புசாரா ஓட்டுநர்களையும் சேர்த்த வாரியம் அது. கிராமத்து டிராக்டர் மெக்கானிக்குகளில் எத்தனை பேர் அதில் பதிந்திருக்கிறார்கள்? பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்டால் நமக்கு வெட்கமாக இருக்கிறது. வாரியத்தைக் கேட்டு வாங்கியது தொழிலாளர் இயக்கம். அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியதும் நாம்தானே?

இனி ஆபத்துக்கு வருவோம். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு அமுலில் இருக்கிறது. புகை குறையவேண்டியதுதான், அந்தப் புகையை முதலில் விழுங்குகிறவன் டிரைவர்தான். நமக்கு அதில் எதிர்ப்பு இல்லை. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டோடு கம்ப்யூட்டரும் சென்சாரும் வண்டிக்குள் வந்தன. கோளாறு என்னவென்று சொல்லும் மென்பொருள் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஸ்பேனர் கையில் இருந்தும் மெக்கானிக் குருடனாக நிற்கிறான். விலை கொடுத்து வாங்கிய வண்டியைத் திறக்க விற்றவனிடமே அனுமதி கேட்க வேண்டுமாம்!

இது நம்முடைய கற்பனை அல்ல. முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே விவசாயிகள் இதற்காகப் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023ல், விவசாய யந்திரங்களின் கம்பெனிகள் பாகங்களையும் கைப்புத்தகங்களையும் மென்பொருளையும் சொந்தக்காரனுக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் செய்தது. 2024 ஜனவரியில் அது அமுலுக்கு வந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் வர்த்தகக் கமிஷனே ஜான் டீர் கம்பெனிமீது, ரிப்பேரை ஏகபோகமாக்கிக் கொண்டதாக வழக்குத் தொடுத்தது.

இங்கே? 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் உரிமை’ பற்றி ஒரு கமிட்டி போட்டது. எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பரில் கம்பெனிகளின் விவரம் போடும் ஓர் இணையதளம் திறந்தார்கள். 2025ல் ஒரு கமிட்டி, எந்தச் சாமான் எளிதில் ரிப்பேராகும் என்று மதிப்பெண் போடும் திட்டத்தைக் கொடுத்தது. அது கைபேசிக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும். டிராக்டருக்கு எப்போது முறை வரும்? கைபேசி கெட்டால் ஒரு நாள் பேச்சு போகும். டிராக்டர் கெட்டால் ஒரு போகம் போகும். இது டில்லிக்குத் தெரியவில்லை.

“பழைய வண்டி டீசல் குடிக்கும், புகை விடும், காயலான் கடைக்குப் போடுங்கள்” என்று உபதேசிக்கும் நிபுணர்களுக்கும் ஒரு வார்த்தை. நாஸிலைப் பம்ப் ரூமில் கொடுத்துச் சரிபார்த்து, ஏர் கிளீனரைச் சுத்தமாக வைத்த பழைய வண்டி, பராமரிப்பில்லாத வண்டியைவிடக் குறைவாகவே புகை விடும். பிளாக் வெடித்துப்போன வண்டியைக் கட்டி அழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உடைக்க வேண்டியதை உடைக்கட்டும். ஆனால் வதந்தியைக் கிளப்பி விற்கச் செய்வது வேறு விஷயம். பத்து வருஷமான டிராக்டரைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று 2023ல் புரளி பரவியபோது, மத்திய போக்குவரத்து அமைச்சகமே மறுத்தது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். தரகர் வந்து பயமுறுத்தினால் தோழர்கள் இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக்கூடாது. ஸ்டார்ட்டரை ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டு எடுக்கும் பழக்கம் பட்டறைகளில் சர்வ சாதாரணம். கீழே நின்றபடி அப்படிச் செய்யும்போது வண்டி கியரில் இருந்தால், பின்சக்கரம் ஆள்மேல் ஏறிவிடும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டுகிறோம்; தோளில் கிடக்கும் துண்டும் கட்டியிருக்கும் லுங்கியும் அதில் சிக்கினால் கை தட்டிக் கூப்பிடக்கூட நேரமிராது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறோம். இரண்டு மரக்கட்டை முட்டுக்கொடுக்க எத்தனை நிமிஷம் ஆகும்? கட்டைக்கும் மூடிக்கும் சங்கம் கட்டாயமாகச் சண்டை போட வேண்டும், அது நம் தோழரின் பட்டறையாக இருந்தாலும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. டிராக்டர் விற்கிற கம்பெனி எதுவாயினும் பாகப் பட்டியலையும் கைப்புத்தகத்தையும் தமிழில் தரவேண்டும்; கோளாறு காட்டும் கருவியை நியாய விலையில் எந்த மெக்கானிக்கும் வாங்க முடியவேண்டும். மூடிய எச்.எம்.டி. டிராக்டரின் வரைபடங்கள் பொதுச் சொத்து. அவற்றை வெளியிட்டால் கோவைப் பட்டறைகள் பாகம் செய்து கொடுத்துவிடும். வேளாண் பொறியியல் துறையும் கூட்டுறவுச் சங்கங்களும் யந்திரத்தை வாடகைக்கு விடுகின்றன, நல்லது. வாங்கிய யந்திரத்தைப் பராமரிக்க ஒரு மெக்கானிக்கும் ஒரு நோட்டுப் புத்தகமும் இல்லாவிட்டால் அது துருப்பிடித்துப் போகும். சோவியத் நாடு யந்திர-டிராக்டர் நிலையங்களை நடத்தியபோது, ஒவ்வொன்றுக்கும் பட்டறையும் உண்டு. 1958ல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதன் குறைகளைப் பற்றி வேறொரு நாள் பேசலாம். உழும் யந்திரத்தையும் ரிப்பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது சரியான யோசனைதான்.

கோடை உழவு தொடங்குமுன் கிளைத் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரைச் சுற்றி வந்து, எத்தனை வண்டிகள் மேட்டில் நிற்கின்றன, எந்தப் பாகம் கிடைக்காமல் நிற்கின்றன என்று எழுதுங்கள். பக்கத்திலேயே, அந்த வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக்குகளின் பெயரையும், வாரிய அட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அட்டை இல்லாதவரை அடுத்த திங்கட்கிழமையே தொழிலாளர் அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பட்டியலின் ஒரு பிரதியை நமக்கு அனுப்பி வையுங்கள். இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.